குழாயைச் சொட்ட விடுங்கள்: வட சீனாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹார்பின், சாங்சுன், ஷென்யாங், தாலியன், தியான்ஜின், ஷிஜியாசுவாங், ஜினான் ஆகிய ஊர்களில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



நவம்பர் பிறந்துவிட்டது. ஹார்பினில் இருப்பவர்களுக்கு இனி மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடி டப்பாவில் அடி தெரியத் தொடங்கியிருக்கும். சாம்பார்பொடி மிச்சமிருந்தால் புளி இருக்காது, புளி இருந்தால் துவரம்பருப்பு இருக்காது. அம்மா அனுப்பிய அடுத்த பார்சல் சுங்கத்தில் எங்கே நிற்கிறதோ தெரியாது. இந்தக் கட்டத்தில்தான் பல பேர் உடனடி நூடுல்ஸ் பெட்டி பெட்டியாக வாங்க ஆரம்பிப்பீர்கள். சீனப் புத்தாண்டான வசந்த விழா விடுமுறைக்குக் கேன்டீனும் மூடிவிட்டால் மூன்று வேளையும் அதுதான். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். படிப்பதோ மருத்துவம், சாப்பிடுவதோ இது!

ஜினானில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றுக்கொண்ட ஒரே ஒரு சூப்பைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். பெயர் கெதா தாங். ஜினான் இருக்கும் ஷான்டோங் மாகாணத்துக்காரர்கள் காதா தாங் என்பார்கள். மைதாவில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி, தக்காளி வதக்கி ஊற்றிய கொதிநீரில் அவற்றைத் தூவி, முட்டையை அடித்து ஊற்றி இறக்குவது. இருபது நிமிஷ வேலை. சாப்பிட்ட பிறகு வேறு எதுவும் தேட வேண்டாம். சோறும் குழம்பும் ஒரே கிண்ணத்தில் முடிந்துவிடும்.

எத்தனையோ பண்டம் இருக்க இதை ஏன் சொல்கிறேன் என்றால், வட சீன மாவுச் சமையலில் பெரும்பாலானவை தனி ஆளுக்கு ஆகாதவை. ஜியாவ்ஸு என்ற பூரணக் கொழுக்கட்டை செய்ய ஒரு குடும்பமே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் வட்டம் தேய்க்க, ஒருவர் பூரணம் வைக்க, இன்னொருவர் மடித்து அடுக்க. கையால் இழுக்கும் நூடுல்ஸுக்குப் பழகிய கை வேண்டும். மந்தோ என்ற ஆவி ரொட்டிக்கு மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டும், ஆவிச்சட்டி வேண்டும். கெதா தாங்குக்கு மாவு பிசைவதில்லை, ஊறவைப்பதில்லை, தேய்ப்பதில்லை. ஒரு கிண்ணம், ஒரு ஜோடி குச்சி, ஒரு சட்டி போதும். அந்தக் கோதுமை நாட்டில் ஒண்டிக்கட்டைக்கு இதைவிடத் தோதான சூடான சாப்பாடு இல்லை என்பது என் கட்சி.

அங்குள்ளவர்கள் இதை எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே இது விளங்கும். காய்ச்சல் வந்து வாய் கசந்தால் இது. ராத்திரி வேலை முடிந்து நேரங்கழித்து வீடு திரும்பினால் இது. நன்றாகக் குடித்துவிட்டு வந்தவனை உட்காரவைத்து வீட்டுக்காரி ஊற்றிக் கொடுப்பதும் இதுதான். கட்டிகளை மிளகைவிடச் சிறிதாக்கி, உப்பைக் குறைத்து, பல் முளைக்கும் குழந்தைக்கும் ஊட்டுவார்கள். பெய்ஜிங் உணவகங்களில் இறைச்சி, மீன் எல்லாம் தின்று முடித்தபின் ஒரு பெரிய தொட்டியில் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள், ஆளுக்கு ஒரு கிண்ணம். விருந்தின் பெருமை அதற்கு முன்பு வந்த தட்டுகளுக்குத்தான் போகும். ஆனால் கடைசியில் தொட்டியைச் சுரண்டாமல் எழுந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். இரண்டு பேருக்கு 100 கிராம் மைதா எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மியன்ஃபென் என்று கேட்டால் கிடைக்கும். ரொட்டிக்கான மாவு, கேக்குக்கான மாவு என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். இரண்டும் வேண்டாம், ஜியாவ்ஸு செய்கிற நடுத்தர மாவு போதும். நடுத்தரமாக நன்கு பழுத்த தக்காளி இரண்டு, முட்டை இரண்டு, வெங்காயத்தாள், இஞ்சி ஒரு துண்டு, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு, வெள்ளை மிளகுத்தூள், கொத்தமல்லி. இவை தவிர வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் சில சொட்டு. இது நம் நல்லெண்ணெய் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நாம் எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம், அவர்கள் நன்றாக வறுத்துவிட்டு எடுக்கிறார்கள். நிறம் கறுப்பாக இருக்கும், வாசனை ஆளைத் தூக்கும். நல்லெண்ணெய்க் கணக்கில் குழிக்கரண்டியால் ஊற்றினால் சூப்பைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

மாவை அகலமான கிண்ணத்தில் கொட்டுங்கள். ஒரு சிட்டிகை உப்பு. சமையலறைக் குழாயை முடிந்த மட்டும் மெல்லத் திறங்கள். தாரையாக விழக் கூடாது, ஒரு சொட்டை அடுத்த சொட்டு துரத்திக்கொண்டு விழ வேண்டும், அவ்வளவுதான். கிண்ணத்தை இடது கையில் அதன் அடியில் பிடித்து, வலது கைக் குச்சிகளால் விடாமல் கிளறுங்கள். சொட்டு ஒரே இடத்தில் விழாதபடி கிண்ணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். விழுகிற ஒவ்வொரு சொட்டும் தன்னைச் சுற்றியிருக்கும் மாவை இழுத்துக்கொண்டு ஒரு கட்டியாகும். குச்சி அதன்மேல் பட்டு அதை இரண்டாக்கும், மேலே உலர்ந்த மாவைப் பூசும், அது ஒட்டாமல் உருளும். முதலில் நொய் அளவு, பிறகு பச்சைப்பயறு அளவு. கிண்ணத்தின் அடியில் தூளாக மாவு கிடக்கும் இடத்துக்கே சொட்டு போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மாவு சுமாராக 50 மில்லி தண்ணீர் குடிக்கும், சில மாவு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அளந்து ஊற்றுவதில் பிரயோஜனம் இல்லை. உலர்ந்த மாவு தீர்ந்ததும் குழாயை மூட வேண்டும், அதுதான் கணக்கு.

புட்டுக்கு மாவு பிசிறிய கை உங்களில் யாருக்காவது இருந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மாவுக்கு ஈரம் காட்டும் அந்த நிதானம் இங்கேயும் வேண்டும். வித்தியாசம் ஒன்றுதான். புட்டு மாவில் கட்டி விழுந்தால் உடைப்போம், இங்கே கட்டிக்காகத்தான் இத்தனை பாடும்.

டம்ளரில் தண்ணீர் எடுத்து ஊற்றலாமா என்று கேட்பீர்கள். ஊற்றினால் நடுவில் ஒரு பெரிய பிசினும் ஓரத்தில் உலர்ந்த மாவும் நிற்கும். பிசினைச் சட்டியில் போட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும். குழாயில்லாத அறையில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு அழுத்திச் சொட்டவிடலாம். பெரிய கட்டி விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் பலகையில் கொட்டி, மேலே ஒரு கை மாவு தூவி, கத்தியால் கொத்திவிடுங்கள். அழகு குறையும், ருசி குறையாது. கண் கொஞ்சம் பெரிதான சல்லடை கையில் இருந்தால் சலித்து, கீழே விழுந்த மாவுக்கு மட்டும் மறுபடி தண்ணீர் காட்டலாம். தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். கைக்கு விறைக்கிறதே என்று வெந்நீர்க் குழாயைத் திறந்தால், வெந்நீர் பட்ட இடத்தில் மாவு அரைவேக்காடாகிப் பசையாகிவிடும்.

இந்தியச் சாமான் விற்கும் இணையக் கடைகளில் சப்பாத்தி மாவு வாங்கி வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். அது கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும், சூப் பழுப்பாக வரும், கட்டிகள் வழவழப்பாக இல்லாமல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மோசமில்லை. ஆனால் முதல் தடவை மைதாவிலேயே செய்யுங்கள். இது எப்படி இருக்க வேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இனி அடுப்பு. தக்காளியின் தலையில் கத்தியால் கூட்டல்குறி போட்டு, வெந்நீர் ஊற்றி, தோலை உரித்துப் பொடியாக நறுக்குங்கள். எண்ணெய் காய்ந்ததும் இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் போட்டு வாசனை வரும்வரை வதக்க வேண்டும். ஜினானில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உங்கள் ஊரின் ஜாங்ச்யூ வட்டாரத்தில் விளையும் வெங்காயத்தாள் ஆள் உயரத்துக்கு நிற்கும், பச்சையாகக் கடித்தாலே இனிக்கும். பிறகு தக்காளியைப் போட்டு உப்பைத் தூவுங்கள். உப்பு அதன் தண்ணீரை இறக்கும். தக்காளி உருத்தெரியாமல் கரைந்து எண்ணெய் சிவப்பாகும்வரை பொறுமையாக வதக்குங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் புளிப்பு மட்டும் மேலே நிற்கும், தக்காளி அடியில் கிடக்கும். முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை தண்ணீர் ஊற்றலாம். வெந்நீரானால் நேரம் மிச்சம்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கட்டிகளைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கவிழ்க்காமல், ஒரு கையால் கிண்ணத்தைத் தட்டித் தட்டிச் சரியவிட்டு, மறு கையால் கரண்டியை ஓட்டிக்கொண்டே இருங்கள். கொதி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மாவுச்சத்து சுமார் 60 டிகிரி தாண்டினால்தான் தண்ணீரை உறிஞ்சி வேகத் தொடங்கும். கொதிக்கும் நீரில் விழுந்த கட்டியின் மேல்தோல் நொடியில் வெந்து இறுகி உருவத்தைக் காப்பாற்றும். சூடு போதாத நீரில் விழுந்தால் வேகுமுன் கரையும். உங்களுக்குக் கிடைப்பது கஞ்சிப்பசை. கட்டிமேல் ஒட்டியிருக்கும் உலர்மாவு கரைந்து சூப்பை அளவாகக் கெட்டிப்படுத்தும். அதனால் சோளமாவு கரைத்து ஊற்றும் வேலையே இல்லை. அப்படி ஊற்றும் உணவகங்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை.

இரண்டு மூன்று நிமிஷத்தில் கட்டிகள் மேலே வந்து மினுமினுக்கும். ஒன்றை எடுத்துக் கரண்டியால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் ஒரு நிமிஷம். அடுப்பைத் தணித்து, அடித்த முட்டையை நூலாக, வட்டமாக ஊற்றுங்கள். ஊற்றியவுடன் கிண்டக் கூடாது. பத்து எண்ணும்வரை விட்டுவிட்டு, பிறகு கரண்டியை ஒரே ஒரு சுற்று. சூப் ஏற்கனவே கெட்டிப்பட்டிருப்பதால் முட்டை நுரையாகச் சிதறாமல் பட்டு நாடாவாக விரிந்து நிற்கும். மிளகுத்தூள், எள்ளெண்ணெய், கொத்தமல்லி. இறக்கிவிடுங்கள். ஆறவிட்டால் கட்டிகள் மிச்சத் தண்ணீரையும் குடித்துக் களியாகிவிடும். மறுநாளைக்கு வைக்கிற சமாசாரம் இல்லை.

மருத்துவம் படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிராம் மைதாவில் சுமார் 350 கலோரி, 10 கிராம் புரதம். இரண்டு முட்டையில் சுமார் 140 கலோரி, 12 கிராம் புரதம். எண்ணெயைச் சேர்த்தாலும் ஆளுக்கு 300 கலோரிதான் வரும். பனியில் நடந்து வந்தவருக்கு அது பற்றாது. நல்ல பசியென்றால் மேலே சொன்ன அளவை ஒருவரே சாப்பிடலாம். கூடவே ஒரு கைப்பிடி கீரையோ டோஃபுவோ போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. முதல் தடவை செய்யும்போது மிளகாய்த்தூள், கரம் மசாலா, சாம்பார்பொடி எதையும் சட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். கடுகு தாளிக்கிற ஆசையும் வேண்டாம். உப்புச்சப்பில்லாத சாப்பாடு என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தக்காளியின் புளிப்பு, மாவின் இனிப்பு, வெங்காயத்தாளின் வாசனை, மிளகின் உறைப்பு எல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருக்கின்றன, குரல் மட்டும் தாழ்ந்திருக்கிறது. அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டம். உறைப்பு இல்லாமல் இறங்கவே இறங்காது என்பவர்கள் சட்டியில் போடாமல், கிண்ணத்தில் ஊற்றியபின் மிளகாய் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம். அது அந்த ஊர்க்காரர்களே செய்வது.

அரிசிக்காரர்களான நாம் போய் இறங்கியிருப்பது எப்படிப்பட்ட பூமி என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் சேர்த்து மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு போட்டால், அதற்கு வடக்கே கோதுமை, தெற்கே நெல். ஜாங் ஷியாங்வென் என்ற புவியியலாளர் 1908இல் எடுத்துச் சொன்ன கோடு இது. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்ற எல்லையும் ஏறத்தாழ இதன்மேலேயே போகிறது. உங்கள் விடுதிகளில் குளிர்காலத்தில் குழாய் வழியாகச் சூடு வருகிறதே, அந்தப் பொது வெப்பமூட்டலும் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை. ஆனால் கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹார்பின் இருக்கும் ஹெய்லோங்ஜியாங் இன்று சீனாவின் மாபெரும் நெற்களஞ்சியம். அந்த மாகாணத்து வூசாங் அரிசிக்கு நாடெங்கும் தனி மவுசு. லேசாக ஒட்டும். ரசத்துக்குப் பொன்னி மாதிரி வராது, தயிர்சாதத்துக்கு அருமை.

ஷான்டோங்கின் சூப் ஹார்பினிலும் அதே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து பஞ்சத்துக்கும் வறட்சிக்கும் தப்பி லட்சக்கணக்கான குடியானவர்கள் வடகிழக்குக்குப் போய்க் குடியேறினார்கள். மூட்டையோடு மூட்டையாக இந்தச் சமையலும் போயிருக்கும் என்பது என் ஊகம். பிழைக்கப் போகிறவன் கையில் எடுத்துப்போகத் தோதான சமையல்தானே இது.

மாவைக் கொதிநீரில் போட்டு வேகவைக்கும் பழக்கம் அங்கே மிகப் பழசு. 6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே என்பவர் எழுதிய ‘சீமின் யாவ்ஷு’ என்ற வேளாண்மை நூலில் இதற்குப் பாட்டன் முறையில் ஒரு பண்டம் வருகிறது. மாவைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி, நறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, தொட்டியின் பக்கவாட்டில் விரலால் மெல்லிசாகத் தேய்த்து, கடும் தீயில் கொதிக்கும் நீரில் வேகவைக்கச் சொல்கிறார். கொதி தளரக் கூடாது என்ற பாடம் அப்போதே இருந்திருக்கிறது.

தக்காளிதான் புதுசு. ஷான்டோங்காரரான வாங் ஷியாங்ஜின் 1621இல் தொகுத்த செடிகொடி நூலில் தக்காளியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அப்போது அது பார்த்து ரசிக்கிற செடி. வீட்டுச் சமையலில் அது பரவலாக நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். நுழைந்த பிறகும் கோடையில் மட்டும்தான் கிடைத்தது. குளிர்காலத்தில் வட சீனர்களுக்கு முட்டைக்கோஸ் குடும்பத்து வெள்ளைக்கீரையும் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும்தான் காய்கறி. நவம்பரில் அந்தக் கீரையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்ட, பெய்ஜிங் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான கிலோ வாங்கி வாசலிலும் மாடிப்படியிலும் அடுக்கிவைத்துக் குளிர்காலத்தைக் கழித்தன. அந்தக் காலத்து ஆட்களின் கெதா தாங்கில் தக்காளி இருக்காது, கீரைதான். அதுவும் நன்றாகவே இருக்கும், செய்து பாருங்கள். பொடியாக நறுக்கி, தக்காளிக்குப் பதிலாக வதக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று ஜனவரியிலும் உங்கள் தெருமுனைக் கடையில் தக்காளி குவிந்திருப்பதற்கு ஷான்டோங்கின் ஷோகுவாங் வட்டாரம் ஒரு பெரிய காரணம். சான்யுவான்ஜு என்ற கிராமத்தில் 1989இல் வாங் லெயி என்ற கட்சிச் செயலாளர் முன்னின்று 17 குளிர்காலக் கொட்டகைகளைப் போட்டார். வடக்கே தடித்த மண்சுவர், தெற்கே வெயில் புகும் பிளாஸ்டிக் கூரை, ராத்திரியில் அதன்மேல் வைக்கோல் பாய். நிலக்கரி எரிக்காமல் வெயில் சூட்டிலேயே நடுக்குளிரில் வெள்ளரி காய்த்தது. பிறகு அந்த முறை வடக்கு முழுக்கப் பரவியது. மேலே சொன்ன ஜியா ஸிஷியேயும் இந்த ஷோகுவாங் பக்கத்து மனிதர் என்றுதான் கொள்கிறார்கள். 1,400 வருஷ இடைவெளியில் ஒரே மண்ணிலிருந்து இரண்டு விவசாய வாத்தியார்கள்!

உங்கள் விடுதியின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயிக்கு (பொறுப்பாளர் அம்மாவுக்கு) அறுபது வயதுக்கு மேல் இருந்தால், தானியக் கூப்பன் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1955 முதல் 1993 வரை நகரங்களில் மாவு வாங்கக் காசு மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும். ஒதுக்கீட்டில் வெள்ளை மாவு கொஞ்சம், மக்காச்சோள மாவு அதிகம். ஒரு கைப்பிடி மைதாவை ரொட்டியாகச் சுட்டால் ஒருவருக்குத்தான் ஆகும். கட்டியாக்கித் தண்ணீர் கூட்டினால் நாலு கிண்ணத்துக்கு வரும். அந்தத் தலைமுறை இதை வசதியான சாப்பாடாக நினைக்காது. பிரியமான சாப்பாடாக நினைக்கும்.

சில நடைமுறை விஷயங்கள். அறைக்குள் அதிக மின்சாரம் இழுக்கும் அடுப்பு வைக்கக் கூடாது என்பது பெரும்பாலான விடுதிகளில் விதி, சோதனையும் நடக்கும். தயவுசெய்து ஒளித்துவைத்துச் சமைக்காதீர்கள். தீப்பிடித்தால் போவது உங்கள் அறை மட்டும் அல்ல. வெளிநாட்டு மாணவர் விடுதிகளில் பல இடத்தில் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சைவக்காரர்கள் முட்டையை விட்டுவிட்டுக் காளானும் டோஃபுவும் போடலாம். வீட்டில் செய்தால் கவலையில்லை. உணவகத்தில் கேட்டு வாங்கும்போது கவனம். பன்றி இறைச்சித் துணுக்கும் உலர்ந்த இறாலும் கேட்காமலே விழும். ‘வோ ச்சீ சூ’ என்று சொல்லுங்கள், சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனாலும் இறைச்சி எலும்புச் சாற்றில் கொதிக்கவைத்ததா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலால் பலகை போட்ட கடைகளில் ஆட்டுக்கறி போட்ட கெதா தாங் கிடைக்கும், குளிருக்கு அதுவும் நல்லது. கடலோரத்தில் இருக்கும் தாலியன்காரர்களுக்கும், சிங்தாவ், யான்தாய் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு சிபாரிசு: மட்டி போட்டுச் செய்வார்கள், வேகவைத்த தண்ணீரையே சூப்புக்கு ஊற்றுவார்கள். எனக்குத் தக்காளிச் சூப்பைவிட அதுதான் ஒரு படி மேல்.

இதைப் படிக்கிற சீனியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பரில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கடையில் சிம் கார்டு என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர் வருமுன், செப்டம்பரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பொதுச் சமையலறைக்கு அழைத்துப்போங்கள். நீங்கள் செய்து பரிமாறினால் போதாது. மாவுக் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுத்து, சொட்டுகிற குழாயடியில் நிற்க வையுங்கள்.

அன்புடன்,
ஜினானில் இருந்துவந்த ஓர் அண்ணன்